ஏரி வாரியத்தின் கணக்கு

உத்திரமேரூர் என்றவுடன் நம்மவர்களுக்குக் குடவோலை ஞாபகத்துக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த சாஸனங்களைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்று விசாரிப்பவர் சிலரே. 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து அமைத்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதன் அங்கத்தினர் 6 பேர். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது!

அவ்வூர் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்திலேயே, தானமாக வந்த பொன்னின் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வண்டலை வாரிக் கரையிலிட ஸபையார் ஏற்பாடு செய்திருந்தனர். ஏரியின் சத்துரு யார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மழை வெள்ளம் மண்ணையும் கொண்டு வருகிறது; மண் ஏற ஏற ஜலம் தங்கும் இடம் சுருங்குகிறது.

ஏரி தருவது பாசனம் மட்டுமா? கிணறுகளுக்கு ஊற்று, மீன், கோரை, கால்நடைக்குக் குடிநீர் எல்லாம் அது தருபவையே. பெருமழையில் ஊர்களைக் காப்பதும் அதுவே. மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கலில் பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது. அதனாலன்றோ அவ்வூர்க் குடிகள், பறவைகளைச் சுடாதிருக்கும்படி 1798-ல் கும்பெனிக் கலெக்டரிடம் கௌல் பெற்றனர்!

இன்று வரத்துக் கால்வாய்கள் மனைகளாகின்றன. சாக்கடையும் வயலிலிருந்து வழியும் ரசாயன உரமும் ஏரியில் கலக்கின்றன. அவற்றை உண்டு ஆகாயத்தாமரை செழிக்கிறது. அது நீர்ப்பரப்பை மூடிவிட, வெளிச்சமும் காற்றும் குறைந்து மீன்கள் மடிகின்றன. இவற்றுக்கெல்லாம் மூலகாரணம் வேறொன்று உண்டு. ஆழ்துளைக் கிணறு வந்தபின், ஏரியின் தயவு வேண்டாம் என்று பலர் எண்ணிவிட்டனர். அக்கிணற்றில் ஊறும் ஜலமும் ஏரி அளித்ததே என்பதை மறந்தனர். ஏரி வற்றினால், ஆண்டுக்கு ஆண்டு குழாயை ஆழமாக இறக்குவதன்றி வேறு வழியில்லை.

சட்டம் இல்லாமலில்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தானே கரைமேல் நடந்து காவல் காக்குமா? நம் கிராமங்களில் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு ஒருவராவது சென்று, நம் ஏரியின் பரப்பு எவ்வளவு, தூர் வாரியது எப்போது, செலவு என்ன என்று கணக்குக் கேட்போமாக. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரார் கணக்குக் கேட்டவர்கள். நாம் கேட்பதற்கு என்ன தயக்கம்?