பல் செட் மாட்டியிருக்கிறீர்களா? மிச்சமுள்ள பற்களையும் கவனியுங்கள்



நாலைந்து பல் போனால் என்ன, செட் வைத்துக்கொண்டால் ஆச்சு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். செட் வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

வீடு வீடாகச் செல்லும் நர்ஸம்மாவிடம் ஒரு தாய், “வாயெல்லாம் எரியுதும்மா, ரசம் சோறுகூட இறங்க மாட்டேங்குது” என்றார். செட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், பிளேட் பதிந்த அளவுக்கு மேலண்ணம் செக்கச் சிவந்திருந்தது. கொக்கி பிடித்திருந்த இரண்டு பற்களும் ஈறோரம் கறுத்திருந்தன. “ராத்திரி கழற்றி வைக்கிறீங்களா?” என்று கேட்டதற்கு, “மருமக வந்த வீடும்மா. பொக்கை வாயோட எப்படி நிக்கிறது? செட் கட்டி ரெண்டு வருஷமா யாரும் பார்க்கக் கழட்டினதே இல்லே” என்றார்.

ஒரு பல்லை அடைத்துக் காப்பாற்ற முடிந்தது. மற்றொன்றை எடுக்க வேண்டியதாயிற்று. பிடிக்கப் பல் இல்லாததால் செட்டும் உதவாமல் போயிற்று. கூச்சத்துக்கு அவர் கொடுத்த விலை ஒரு நல்ல பல்!

செட் எதற்கு?

பல் போன இடத்தை அப்படியே விட்டால் பக்கத்துப் பற்கள் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் மெல்ல நீண்டு இறங்கும். மெல்லுவதும் சிரமமாகும். செட் இவற்றைத் தடுக்கிறது. பேச்சும் முகத்தோற்றமும் கெடாமல் காக்கிறது.

செட்டால் கேடு வருவது எப்படி?

உமிழ்நீர் பற்களையும் ஈறையும் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. பிளேட்டுக்கு அடியில் அது சரியாகப் பாய்வதில்லை. கொக்கியைச் சுற்றிச் சோறும் காறையும் தங்கிவிடுகின்றன. அதனால் கொக்கி தாங்கும் பற்களுக்கே முதலில் ஆபத்து. ஈறு வீங்கி ரத்தம் கசியும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும்.

கழற்றாமலே வைத்திருந்தால், பிளேட்டுக்கு அடியில் கேண்டிடா என்னும் பூஞ்சைக் காளான் வளர்ந்து அண்ணம் சிவக்கும். பலருக்கு வலியே இராது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பல் எடுத்தபின் அந்த இடத்துத் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். முதல் வருடம் அதிகமாகக் கரையும். இதனால் நேற்று கச்சிதமாக இருந்த செட் நாளை ஆடத் தொடங்கும். ஆடும் செட் ஈறைப் புண்ணாக்கும். நல்ல பற்களையும் அசைத்து அசைத்துத் தளர்த்தும். ஆகவே லூஸான செட்டை, பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

இரவில் கழற்றுவது அவசியமா?

மிகவும் அவசியம். ஈறுக்கும் ஓய்வு வேண்டும். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோரைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், செட்டோடு உறங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகக் காணப்பட்டது. தூக்கத்தில் சின்னச் செட் கழன்று தொண்டைக்குள் போவதும் உண்டு. அப்படி ஆனால் வாழைப்பழத்தையோ சோற்று உருண்டையையோ விழுங்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செட்டின் பிளாஸ்டிக் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. அதனால் டாக்டரிடம் “செட்டை விழுங்கிவிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

1. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றிக் கழுவி, வாயையும் கொப்பளியுங்கள்.

2. இரவில் மெல்லிய பிரஷ்ஷால், சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு தேயுங்கள். சாம்பல், செங்கல் தூள், உப்பு, பல்பொடி வேண்டாம். கீறல் விழுந்தால் அதில் கிருமி குடியேறும்.

3. கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் வைத்துக்கொண்டு தேயுங்கள். கை நழுவினாலும் உடையாது.

4. கொதிநீரில் போடாதீர்கள், வடிவம் கோணிப்போகும். வெளுப்புத் திரவமும் கூடாது, கம்பியை அரிக்கும்.

5. இரவில் மூடியுள்ள டப்பாவில் பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள்.

6. மிச்சமுள்ள பற்களை, முக்கியமாகக் கொக்கி படும் பற்களை, தினம் இருமுறை ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்குங்கள்.

தெருவோரம் பல் கட்டலாமா?

கூடாது. சிலர் பிளாஸ்டிக் மாவை வாயிலேயே குழைத்து, பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அதைக் கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது. காசு குறைவு என்று போய், இருந்த பல்லையும் இழந்து வருகிறார்கள். பதிவு பெற்ற பல் டாக்டரிடமோ, அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

செட் ஆடினாலும், அழுத்தினாலும், கொக்கி வளைந்தாலும் போங்கள். வீட்டில் இடுக்கியால் நெளிக்க வேண்டாம். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் ‘செட் உரசின புண்தானே’ என்று இருந்துவிடக் கூடாது, புற்றுநோயாகவும் இருக்கலாம். தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரியவர்கள் செட்டைக் கழற்றினால் கேலி செய்யாதீர்கள். ‘கழட்டி வச்சுட்டுத் தூங்குங்கம்மா’ என்று நீங்களே டப்பாவை எடுத்துக் கொடுங்கள். அந்த ஒரு சொல் அவர்களுடைய பல்லைக் காக்கும்.