கணினி இயங்க மறுக்கும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது எது?

ஆளியை அழுத்தியும் கணினி இயங்காதவிடத்து, பலரும் உடனே அதனைத் திருத்துநரிடம் கொண்டு செல்கின்றனர். பல வேளைகளில் அங்கு முதலாவதாகக் கூறப்படும் தீர்வு 'போமட்' செய்வதாகும். இதற்குச் சிந்திக்காது இணங்கினால் மாணவரின் ஒப்படைகளும் வியாபாரியின் கணக்குகளும் குடும்பப் புகைப்படங்களும் ஒருசேர அழிந்துபோகலாம். ஆகவே பழுது எங்குள்ளது என்பதை ஓரளவேனும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

கணினியில் எவ்வித அசைவும் இல்லையெனில் மின்சாரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே குதையில் வேறொரு மின்சாதனத்தைப் பொருத்திப் பாருங்கள். கணினியின் பின்புறத்திலுள்ள ஆளியையும் கவனியுங்கள். எமது நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளாக மாற்றி வழங்குவது 'பவர் சப்ளை' ஆகும். இடிமின்னலினாலும், மின்வெட்டின் பின்னர் ஏற்படும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வினாலும் இது எளிதில் பழுதடையும். இணைப்பைத் துண்டித்த பின்னரும் இதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் இதனைத் திறத்தல் கூடாது. மடிக்கணினியாயின், சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்த பின் மீண்டும் முயலலாம்.

மின்விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், மொனிட்டரின் வயரைச் சரிபார்த்த பின்னர் 'ரம்' நினைவகத்தைக் கவனிக்க வேண்டும். மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை அகற்றிய பின், அதனைக் கழற்றி மீண்டும் உறுதியாகப் பொருத்துங்கள். பல கணினிகள் இத்தோடு இயங்கத் தொடங்கிவிடுகின்றன.

திரையில் எழுத்துகள் தோன்றியும் விண்டோஸ் திறக்கவில்லையெனில், பென்டிரைவ் பொருத்தப்பட்டிருந்தால் அகற்றுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவை தொடர்ந்து சில தடவைகள் ஆரம்பிக்கத் தவறினால் தாமாகவே திருத்தற் பகுதிக்குச் செல்லும். அங்கிருந்து 'சேஃப் மோட்' முறையில் நுழைந்து கோப்புகளைப் பிரதியெடுக்கலாம்.

வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என ஒலி எழுந்தால் கணினியை உடனே நிறுத்திவிடுங்கள். மேலும் இயக்குவது சேதத்தையே அதிகரிக்கும்.

எந்நிலையிலும் "முதலில் கோப்புகளைப் பிரதியெடுங்கள், அதன் பின்னரே போமட் செய்யுங்கள்" என்று திருத்துநரிடம் தெளிவாகக் கூறுங்கள். வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்து இதனைச் செய்யலாம். வன்தட்டு 'பிட்லொக்கர்' மூலம் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவுகோல் தேவைப்படும். பழுதடைந்த பாகத்தைக் கடையில் வாங்கலாம். இழந்த கோப்புகளை எக்கடையிலும் வாங்க இயலாது.