மேசை மீது ஒரு டிராக்டர்

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதல் முறையீடு எதுவென்று தாங்கள் அறிவீர்கள். "பிள்ளை கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான்" என்பதே அது. அப்படி முறையிட்டவர்களுள் நானும் ஒருத்திதான். ஆனால் கடந்த மே மாதத்தில், கடலூரில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மூன்று வாரங்கள் டிராக்டர் பட்டறையாக மாறிப் போயிருந்தது. அந்தக் கதையைத்தான் தங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

விடுப்பில் ஊர் வந்த என் கணவர் துபாயிலிருந்து மகனுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். பெட்டியின் மேல் அழகானதொரு டிராக்டர் படம். ஆவலோடு திறந்த பிள்ளையின் முகம் வாடிவிட்டது. உள்ளே வண்டி இல்லை! பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாய் உறுப்புகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண், கூடவே படங்கள் நிறைந்த வழிகாட்டி ஏடு. "அத்தா, இதை யார் செய்வது?" என்று கேட்டான். "நாம் இருவரும்தான்" என்றார் அவர். விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறினார். பெட்டி அலமாரியின் மேல் ஏறிற்று. பள்ளித் தேர்வு முடிந்த பிறகு நான்தான் அதை இறக்கினேன். ஊசியும் நூலும் பிடித்த கைகளுக்கு இது வராதா என்ன என்ற துணிவுதான்!

பிரான்சு நாட்டு ஹெல்லர் நிறுவனத்தின் மாதிரி அது. ஃபெர்குஸன் டி.இ.20 என்னும் பழைய டிராக்டரின் இருபத்து நான்கில் ஒரு பங்கு உருவம். இந்த அளவுக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூட விகிதக் கணக்கு அப்போது விளையாட்டாகிவிடும். உண்மை வண்டி ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம். மேசை மேல் அது 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் பின்சக்கரத்து இரும்பு வளையம் 28 அங்குலம்; இங்கே 3 சென்டிமீட்டர். நம் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

முதல் நாளே இரண்டு தவறுகள் செய்தேன். தாங்களாவது தவிர்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்று, உறுப்புகளைச் சட்டத்திலிருந்து கையால் முறித்தது. முறித்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துப் பிய்ந்துவிடும். கூரான நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மீந்த முனையைப் பிளேடால் சீவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிளேடு வேலை பெரியவர்களுடையதாகவே இருக்கட்டும். அப்படி வெட்டும்போதும் ஒரு விரலால் உறுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடிக்கவில்லை. வண்டியின் பின்புறத்தில், அச்சுக்குக் கீழே வர வேண்டிய ஒரு சிறு கம்பி 'டிக்' என்று தெறித்துப் பறந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னாலும், தையல் இயந்திரத்தின் அடியிலும் தேடினோம். இன்று வரை கிடைக்கவில்லை.

இரண்டாவது தவறு பசை. வீட்டிலிருந்த உடனடிப் பசையைத் தொட்டு ஸ்டியரிங் சக்கரத்தை வைத்தேன். அது கோணலாக அமர்ந்தது, நிமிர்த்துவதற்குள் இறுகிவிட்டது. சுற்றிலும் வெண்மையான பூஞ்சணம் போல் ஒரு படலம் வேறு! இத்தகைய மாதிரிகளுக்கென்றே தண்ணீர் போன்ற பசை தனியாக விற்கிறது. அது உண்மையில் ஒட்டுவதில்லை. இரு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சற்றே கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. காய்ந்ததும் இரண்டும் ஒரே பொருளாகிவிடுகின்றன. கொல்லன் இரும்பைப் பற்றவைப்பது போலத்தான். தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைத்தால் போதும், இணைப்பின் வழியே தானே ஓடிப் பரவும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் நெடி குழந்தைகளுக்கு ஆகாது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, பசை தொடுமுன் ஒவ்வோர் உறுப்பையும் வெறுமனே பொருத்திப் பார்ப்பது. தைக்குமுன் துணியை உடம்பில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதேதான். என் மகன் இதில் என்னை மிஞ்சிவிட்டான். "உம்மா, அவசரப்படாதீங்க" என்று அவன் என் கையைப் பிடித்த நாளும் உண்டு!

வண்ணம் பூசும் கட்டத்தில் எங்களுக்குள் சண்டையே மூண்டது. அவனுக்குச் சிவப்பு வேண்டும். நம் மாவட்டத்து வயல்களில் ஓடும் மாஸி ஃபெர்குஸன் வண்டிகள் சிவப்பாக இருக்கின்றனவே! ஆனால் பெட்டியிலுள்ள வண்டி சாம்பல் நிறம். பிரெஞ்சு மக்கள் அதற்கிட்ட பெயரே 'சின்னச் சாம்பல்' என்று பொருள்படும். சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் இந்நாட்டில் தயாரிக்கும் மாஸி ஃபெர்குஸன் வண்டிகளுக்கு இந்தச் சாம்பல் வண்டி பாட்டன் முறை. 1953-இல் ஃபெர்குஸன் நிறுவனம் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது. இதைச் சொன்னதும் சாம்பலுக்கு இசைந்தான். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகவே காயும்; ஒரே பூச்சில் தடிமனாகப் பூசாமல் மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வண்ணம் காயும் வரை என்ன செய்வது? அந்த வண்டியின் கதையைப் படித்து அவனுக்குச் சொன்னேன். 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்தை அடைந்தது இதே வகை வண்டிகளில்தான் என்றதும் அவன் கண்கள் விரிந்தன. எனக்கோ வேறொரு செய்திதான் மனத்தில் தங்கிற்று.

ஹாரி ஃபெர்குஸன் வட அயர்லாந்தில் 1884-இல் ஒரு விவசாயிக்கு மகனாகப் பிறந்தவர். தாமே செய்த விமானத்தில் 1909-இல் பறந்தவர். அக்காலத்து டிராக்டர்களில் ஒரு கொடிய குறை இருந்தது. பின்னால் இழுத்துச் செல்லும் கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கி நின்றுவிடும். எஞ்சினோ நிற்காது. சக்கரம் சுற்ற முடியாவிட்டால், எஞ்சினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பகுதி எழுந்து, வண்டி ஓட்டுபவரின் மேலேயே மல்லாந்து விழும். இவ்வாறு மாண்டவர்கள் பலர். கலப்பையைச் சங்கிலியாலோ கொக்கியாலோ இழுப்பதை விட்டுவிட்டு, கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகளால் வண்டியோடு பிணைத்தார் ஃபெர்குஸன். கலப்பை சிக்கினால் மேல்கை வண்டியை முன்னோக்கித் தள்ளும். எழ வேண்டிய மூக்கு தரையை அழுத்தும்! இன்று உலகெங்கும் டிராக்டர்களின் பின்னால் காணப்படும் அமைப்பு இதுவே.

1938 அக்டோபரில் அவர் அமெரிக்காவின் டியர்பார்ன் நகருக்குச் சென்று ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். ஃபோர்டின் பண்ணையில் வண்டியை ஓட்டிக் காட்டினார். பிறகு வெட்டவெளியில் ஒரு மேசை போடப்பட்டது. அதன் மேல் சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சின்னஞ்சிறு டிராக்டர் மாதிரியை வைத்து, தம் மூன்று கைகளின் சூட்சுமத்தை ஃபோர்டுக்கு விளக்கினார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், கைகுலுக்கலோடு இருவரும் கூட்டுச் சேர்ந்தனர். மறு ஆண்டே புதிய டிராக்டர் வெளிவந்தது. (அந்தக் கைகுலுக்கல் பின்னாளில் நீதிமன்றத்தில் போய் முடிந்தது. கூட்டு வியாபாரம் செய்வோர் எதையும் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது!)

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

என் பிறந்த வீடு சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. வீராணத்து நீர் பாயும் நெல் வயல்கள். என் அத்தா வாடகைக்கு டிராக்டர் ஓட்டியவர். சம்பா நடவுக்கு முன் இரும்புக் கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும் வண்டியின் ஓசைதான் என் சிறுவயதின் ஓசை. 1998-ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. காற்று மழையில் சாய்ந்த தென்னை மரம் ஒன்றை வயலிலிருந்து இழுத்து வரப் போனவரைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இடக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. கால் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. அவர் மீண்டும் வண்டி ஏறவில்லை. என்ன நடந்தது என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. "வண்டி மக்கர் பண்ணிடுச்சு" என்று மட்டும் அம்மா சொல்வார்கள். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன்.

மாதிரி முடிந்ததும், அதைப் பஞ்சு சுற்றி, பலகாரப் பெட்டியில் வைத்துச் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். ஓட்டிய இடம் எதுவும் விட்டுப் போகவில்லை. எண்பது, தொண்ணூறு உறுப்புகளை ஒட்டிய எனக்கு அது பெருமைதான். பேரன் அதைத் திண்ணையில் வைத்தான். அத்தா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "சாம்பல் வண்டி நான் பார்த்ததே இல்லையே" என்றார். பின்பு அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தவர், "இங்கே ஒரு கம்பி குறையுதே?" என்று கேட்டார். பறந்து போன உறுப்பின் கதையைச் சொன்னோம். மீந்த சட்டத்தை வாங்கி, பிளேடால் சீவி, சிறு துண்டொன்றைச் செய்து அச்சுக்குக் கீழே அவரே பொருத்தினார். விரல் நடுங்கியது; துண்டு நேராகவே அமர்ந்தது.

"ஒரு நூல் கொண்டா" என்றார் பேரனிடம்.

நூலை வண்டியின் பின்னால், மேல்கை இணையும் உயரமான இடத்தில் கட்டினார். "பின்சக்கரம் ரெண்டையும் கெட்டியாப் பிடி. சுத்தக் கூடாது" என்றார். பிள்ளை பிடித்துக்கொண்டான். நூலைப் பின்பக்கம் மெல்ல இழுத்தார். டிராக்டரின் மூக்கு திண்ணையை விட்டு எழுந்தது. இன்னும் சற்று இழுத்தார். வண்டி மல்லாந்தது.

"நன்னா!" என்று கத்திவிட்டான் பையன்.

"அன்னிக்கு நான் இப்படித்தான் கட்டினேன்" என்றார் அத்தா. குரல் மாறவில்லை. "மரம் சேத்துல இழுபட்டு வந்துச்சு. வரப்புல முட்டி நின்னுச்சு. கீழே கம்பியில கட்டணும்னு தெரியும். குனிஞ்சு கட்டச் சோம்பல். மழை வேற. மேலேயே மாட்டிட்டேன். வண்டி மேல தப்பு இல்லை."

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எவரிடமும் சொல்லாத செய்தி அது. சொல்லிவிட்டு நூலை அவிழ்த்தார். தாம் செய்து பொருத்திய கீழ்க்கம்பியில் பேரனையே கட்டச் சொன்னார். மீண்டும் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்தார். மூக்கு எழவில்லை. முன்சக்கரங்கள் திண்ணையை அழுத்திக்கொண்டு நின்றன. பேரன் மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றிக் கட்டிப் பத்து முறையாவது இழுத்துப் பார்த்திருப்பான். நான் உள்ளே போய்த் தேநீர் போட்டேன். அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

வாசகச் சகோதரிகளே, தங்கள் வீட்டாருள் டிராக்டர் ஓட்டுபவர் இருந்தால் இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். மரமோ, சேற்றில் சிக்கிய வண்டியோ, எதை இழுத்தாலும் சங்கிலி அச்சுக்குக் கீழேயுள்ள இழுவைக் கம்பியில்தான் இருக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களுக்கு 1959-லேயே சுவீடன் நாடு கட்டாயமாக்கிவிட்டது. அந்தச் சட்டம் இல்லாத வண்டிகள் நம் வயல்களில் இன்னும் எத்தனையோ ஓடுகின்றன. மூக்கு எழுந்த பின் குதித்துத் தப்ப நேரம் இருக்காது. என் அத்தாவுக்குக் கால் மட்டும் போனது அல்லாஹ்வின் கிருபை.

நாங்கள் கடலூருக்குத் திரும்பும்போது டிராக்டர் எங்களோடு வரவில்லை. "இது இங்கேயே இருக்கட்டும்" என்று பேரனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். மறு வாரம் தொலைபேசியில் அம்மா சொன்ன செய்தி இது. பக்கத்துத் தெருவில் புதிதாக வண்டி ஓட்டப் பழகும் இளைஞன் ஒருவனை அத்தா அஸருக்குப் பிறகு திண்ணைக்கு அழைத்தாராம். நூலைக் கட்டிக் காட்டினாராம். அவன் சிரித்துக்கொண்டே பார்த்தவன், வண்டி மல்லாந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டானாம். தெருவில் நின்ற தன் டிராக்டரைக் கிளப்ப ஏறியவன் மறுபடி இறங்கி, பின்னால் போய்க் குனிந்து பார்த்தானாம்.