பெயரில்லாத பொட்டலம்

சாயங்காலம் ஆறு, ஆறரை மணி. விருதுநகர் மாவட்டம் செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கிற பெண்கள் வேலை முடிந்து வரும் நேரம். நாள் முழுக்கக் குனிந்தே இருந்த முதுகு. மருந்துக்கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, உடம்பெல்லாம் வலி, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். கத்தரிக்கோல் நாலைந்து அட்டைகளில் ஓடும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் பொடியாக ஒன்று. காகிதத்தில் மடித்து, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் ஃபீஸ் மிச்சம், அரைநாள் கூலியும் மிச்சம். இதற்குக் கடைக்காரரை மட்டும் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். மாத்திரையின் பெயர் இல்லை. கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எதுவும் இல்லை. அதெல்லாம் அட்டையின் ஒரு மூலையில் அச்சாகியிருக்கும். அந்த மூலை கடையிலேயே தங்கிவிட்டது. அந்தப் பொடி மாத்திரை டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். வலி சட்டென்று அடங்கும். மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். கூடவே டைக்ளோஃபினாக் இருந்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இரண்டுமே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'எச்' அட்டவணை மருந்துகள்.

பேட்ச் நம்பரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் 2025 அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமலுக்கு 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரீசன் பார்மா ஆலையில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத நச்சு அது. சிரப்பில் மருந்தைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கிச் சோதித்துப் பார்க்காமல் தொழிற்சாலைச் சரக்கை ஊற்றினால் இந்த விஷம் கூடவே வந்துவிடும். அக்டோபர் 13 அன்று ஆலையின் உரிமம் ரத்தானது.

அந்த நச்சு மருந்தின் பேட்ச், எஸ்.ஆர்.-13. அலமாரியில் அதே சிரப் இருந்த வீட்டில் தாய் தகப்பன் முதலில் பார்க்க வேண்டியிருந்தது இந்த நான்கு எழுத்தைத்தான். லேபிளைக் கிழித்த பாட்டிலையும் பில் இல்லாத பாட்டிலையும் வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? கோல்ட்ரிஃப்பில் சேரும் பாரசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் மூன்றில் பின்னிரண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியாயிற்று. மூத்த பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சம் இருக்கிறது என்று அடுத்த பிள்ளைக்கு ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

சரி, கடையில் நாம் எதைக் கேட்கலாம்? முதலில் பில். கடையின் பெயர், உரிம எண், மருந்தின் பெயர், அளவு அதில் இருக்க வேண்டும். சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தானால் பேட்ச் எண்ணும் காலாவதியும் பதிவாக வேண்டும். "எதுக்கும்மா பில்லு, நம்ம கடைதானே" என்பார்கள். நம்ம கடைதான், அதனால்தான் கேட்கிறோம். மாத்திரையை வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்திலிருந்து தரச் சொல்லுங்கள், அல்லது செல்போனில் அந்த மூலையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உரிமமும் பதிவுபெற்ற மருந்தாளுநரின் சான்றும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சான்று சுவரில் தொங்க, ஆள் வேறெங்கோ இருப்பதுதான் பல ஊர்க் கதை. 1948 மருந்தியல் சட்டப்படி சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துத் தரும் வேலை அவருடையது. இன்சுலின் வாங்கினால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தார்களா என்று பாருங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருள் அது.

மருந்தில் சந்தேகம் வந்தால் மாவட்டத்தின் மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். பலருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. 1940 மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, தான் வாங்கிய மருந்தை யாரும் கட்டணம் செலுத்தி அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். 'தான் வாங்கிய' என்ற இடத்தில்தான் பில் திரும்பவும் வந்து நிற்கிறது. ஒவ்வாமையோ பக்கவிளைவோ வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

நஷ்டஈடு கேட்கவும் வெகுதூரம் போக வேண்டாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றுமில்லை. போவதற்கு முன் ஒன்று. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிடாதீர்கள். மிச்ச மருந்தோடு மூடி, லேபிள் நனையாமல், பில்லையும் சீட்டையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.