வெளிநாட்டுத் திடலில் ஒப்புக்குச் சப்பாணி!

செம்பரம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ஒரு காலி மனை. மூன்று குச்சி, ஒரு டென்னிஸ் பந்து. பசங்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாக வந்து நிற்கிறான் ஒரு புதுப் பையன். பூந்தமல்லியிலிருந்து மாமா வீட்டுக்கு வந்தவன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கிறான். அப்புறம் மெதுவாக, ''அண்ணா, நானும் வரட்டுமா?''

என்ன நடக்கும்? யாரும் விரட்ட மாட்டார்கள். அதற்காக உடனே பேட்டைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடவும் மாட்டார்கள். ''அந்தக் கோடியில போய் நில்லு. பந்து வந்தா எடுத்துப் போடு!'' அவ்வளவுதான். அன்றைக்கு அவன் 'ஒப்புக்குச் சப்பாணி'. முகம் சுளிக்காமல் அரை மணி நேரம் பந்து பொறுக்கிப் போட்டால், கடைசியில் நாலு பந்து பேட்டிங் கிடைக்கும். அடுத்த ஞாயிறு அவனே, ''டேய், இன்னிக்கு நான் எந்த டீம்?'' என்று உரிமையாகக் கேட்பான்.

இந்தச் சின்ன விஷயம்தான் இந்தக் கட்டுரையின் சாரமே. உங்கள் வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்பினால், ஊறுகாய் பாட்டிலோடு இதையும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்!

டூட்டி, ரூம், போன்

செம்பரம்பாக்கத்திலிருந்து வெளிநாடா என்று கேட்காதீர்கள். பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1998-ல் ஹூண்டாய் கார்கள் வெளிவர ஆரம்பித்த பிறகு, கொரியாக்காரர்கள் இங்கே வருவதும், இங்கிருந்து டிரெயினிங்குக்கு அங்கே போவதும் சகஜமாகிவிட்டது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்க அமெரிக்கா போகும் அப்பா அம்மா... இப்படி எத்தனையோ பேர்.

போன இடத்தில் என்ன ஆகிறது? டூட்டி முடிந்தால் ரூம். ரூமுக்கு வந்தால் போன். லீவு நாளில் பரோட்டா, பிரியாணி, தூக்கம். பேச ஆள் கிடையாது. ஆறே மாதத்தில் பேண்ட் இடுப்பில் ஏறாது. பி.பி.யும் சர்க்கரையும் சத்தமில்லாமல் ஏறும். மனசு மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீடித்த தனிமையும் சும்மா விடாது. மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் அதோடு தொடர்பு உண்டு என்கிறார்கள் டாக்டர்கள். அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு மணி நேரம் பந்து ஆடினால் இரண்டுக்கும் ஒரே மருந்து. பாஷை தெரியவேண்டியதில்லை. கோல் விழுந்தால் எல்லா ஊரிலும் ஒரே கத்தல்தான்!

ஊருக்கு ஊர் ஒரு ஆட்டம்

கொரியா போகிறீர்களா? அங்கே 'ஜொக்கு' என்று ஒரு விளையாட்டு. ஜோக் இல்லை, நிஜம்! பக்கத்துக்கு நாலு பேர், நடுவில் தாழ்வான வலை. வாலிபால் மாதிரிதான். ஆனால் கையே படக்கூடாது, காலும் தலையும்தான். ராணுவ முகாம்களிலும் கம்பெனி வளாகங்களிலும் சாப்பாட்டு இடைவேளையில் ஆடுவார்கள். உங்களோடு வேலை செய்கிறவர்கள் ஆடினால், வலை ஓரம் நின்று பாருங்கள். இரண்டாம் நாள் அவர்களே கூப்பிடுவார்கள்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதான் பலருக்கு லீவு. கிராஞ்சி, பெஞ்சுரு போன்ற இடங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே பொழுதுபோக்கு மையங்கள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளில் பொது பேட்மின்டன், கூடைப்பந்துத் தளங்கள் உண்டு.

வளைகுடாவில் லீவு நாளைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி, ஞாயிறு லீவு. குவைத், கத்தார், சவூதியில் வெள்ளியும் சனியும். அங்கே கிரிக்கெட் ஆட பாகிஸ்தானி, வங்கதேசி, மலையாளி எல்லோரும் வருவார்கள். கார் நிறுத்துமிடத்தில், ரோட்டோரத்தில் ஆட மட்டும் போகாதீர்கள். வண்டி இடிக்கும் ஆபத்தும் உண்டு, அபராதத்துக்கும் வழி உண்டு.

இலங்கைக்குப் போனால், தமிழ் பேசும் பகுதிகளில் பாஷைக் கஷ்டமே இல்லை. வாலிபால் அங்கே தேசிய விளையாட்டு. யாழ்ப்பாணத்தில் போய்க் 'கைப்பந்து' என்றால் யோசிப்பார்கள். 'கரப்பந்தாட்டம்' என்று கேளுங்கள், உடனே வழி காட்டுவார்கள்.

அமெரிக்காவில் பார்க்குக்குப் பார்க் கூடைப்பந்துத் தளம். ஓரத்தில் நிற்பவர் 'நெக்ஸ்ட்' என்று முன்பே சொல்லி வைக்கவேண்டும். ஜெயித்த டீம் நிற்கும், தோற்ற டீம் வெளியேறும், அடுத்த டீம் உள்ளே வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மணிக்கணக்காக நின்றுவிட்டு, ''நம்மள யாருமே கூப்பிடல'' என்று வருத்தப்பட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

அப்பா அம்மாவுக்கு? 'பிக்கிள்பால்' என்று ஒன்று இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவில் உருவானது. சின்ன தளம், மட்டையும் லேசு. பல இடங்களில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம் என்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். மட்டையைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தால் போதும், அதுதான் டோக்கன்! உங்கள் முறை வந்ததும் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தலைக்கு மேலே போகும் பந்தை, பின்பக்கமாக நடந்துகொண்டே அடிக்கப் போகாதீர்கள். வயதானவர்கள் மல்லாந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வது அப்படித்தான்.

எப்படிக் கேட்பது?

* முதலில் பத்து நிமிஷம் பாருங்கள். ஆடுகிறவர்கள் உங்கள் தரமா, எவ்வளவு வேகம், எப்படி ஆள் மாற்றுகிறார்கள் என்று புரியும்.

* ஆட்டத்தின் நடுவே கேட்காதீர்கள். இடைவேளையில், பந்துக்குச் சொந்தக்காரரிடம் சிரித்த முகமாக, ''ஒரு ஆள் குறையுதா?'' என்று கேளுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் விரலால் உங்களைக் காட்டி, பந்தைக் காட்டினால் போதும். 'இல்லை' என்றால் கோபம் வேண்டாம். நாளைக்கும் ஆட்டம் உண்டு.

* சேர்த்துக்கொண்டால், கொடுத்த இடத்தில் நில்லுங்கள். அவுட்டா இல்லையா என்று முதல் நாளே சண்டை போடாதீர்கள். நம் ஊரில் 'ஒன் பிட்ச் கேட்ச்' அவுட்டாக இருக்கலாம். அங்கே அவர்கள் சட்டம்தான் சட்டம்.

* யாராவது தளத்துக்குப் பணம் கட்டியிருந்தால் உங்கள் பங்கைக் கேட்டுக் கொடுங்கள். முடிந்ததும் வலையைச் சுருட்ட ஒரு கை கொடுங்கள். அடுத்த வாரமும் கூப்பிட வைக்கிற மந்திரம் அதுதான்.

* பர்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் ரூமில் இருக்கட்டும். அடையாள அட்டையும் கொஞ்சம் பணமும் போதும்.

உடம்பும் புது ஆள்தான்!

மனிதர்களிடம் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்துவிடுவீர்கள். உங்கள் உடம்பிடம்? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ''காலேஜ்ல நான்தான் ஓப்பனிங் பவுலர்!'' என்று இருபது வருஷத்துக்கு முந்தைய உடம்பை நினைத்து இறங்கிவிடுகிறார்கள். முதல் நாள், உங்களால் முடிந்ததில் பாதி ஆடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

விமானம் இறங்கிய கையோடு கூடாது: நீண்ட பயணத்தில் கால் வீங்கும், தூக்கம் கெடும். முதல் நாள் வெளிச்சத்தில் லேசாக நடந்தால் போதும், உடம்புக் கடிகாரம் சரியாக அதுவும் உதவும். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால், 'பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். ரத்த நாளத்தில் கட்டியாக இருக்கலாம். உடனே டாக்டர்.

வெயில்: செம்பரம்பாக்கத்து வெயிலைப் பார்த்தவனுக்கு துபாய் வெயில் என்ன என்று நினைக்காதீர்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கே தடை. சம்பளம் கொடுக்கும் வேலையையே நிறுத்துகிற நேரத்தில் பந்து எதற்கு? புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். சூரியன் இறங்கிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். கூட ஆடுகிறவர் உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குளிர்: கொரியாவின் ஜனவரி நம் மார்கழி மாதிரி இல்லை, தண்ணீர் உறையும். பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகே வேகம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் திடலுக்குப் போகவே கூடாது.

கால்: ஊரில் செம்மண் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகியிருப்பீர்கள். அங்கே சிமெண்ட் தளம் அல்லது செயற்கைப் புல். வெயிலில் சுடும், விழுந்தால் தோல் உரியும். நல்ல ஷூ அவசியம். சிராய்ப்பை உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அழுக்குப் பட்ட காயம் என்றால் டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டிவிட்டதா என்று யோசியுங்கள். தாண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கணுக்கால் பிசகினால்: 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று இழுத்து உருவி விடாதீர்கள். ஓய்வு. துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிஷம் வைத்தல். மிதமான கட்டு. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தல். நாலு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்.

இது மட்டும் விளையாட்டல்ல

நம் தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு கொஞ்சம் இளம் வயதிலேயே வருகிறது. வாரம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு லீவு நாளில் திடீரென்று வெறித்தனமாக ஓடுவது இதயத்துக்கு ஆகாது. நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை, சிகரெட் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருப்பவர்கள், கிளம்பும் முன்பே இங்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஆடும்போது நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, மயக்கம், காரணமில்லாத வியர்வை வந்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். ''புது ஆளுங்க முன்னாடி எப்படி உட்காருவது'' என்ற வெட்கம் உயிரை எடுத்துவிடும். வாயுத் தொல்லை என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்திருக்கவேண்டும். ஆடி முடித்துப் பல மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில்கூட சர்க்கரை இறங்கலாம். கூட ஆடுகிற ஒருவரிடமாவது உங்களுக்குச் சர்க்கரை உண்டு என்று சொல்லி வையுங்கள்.

ஆம்புலன்ஸ் நம்பர் எல்லா ஊரிலும் 108 இல்லை! கொரியா 119, சிங்கப்பூர் 995, அமீரகம் 998, இலங்கை 1990, பிரிட்டன் 999, அமெரிக்காவும் கனடாவும் 911. முதல் நாளே போனில் பதிந்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு. பயண இன்சூரன்ஸில் விளையாட்டுக் காயத்துக்குப் பணம் உண்டா என்று படித்துப் பாருங்கள். அடிபட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று கண்ட வலி மாத்திரையை எடுத்துப் போகாதீர்கள். ட்ரமடால், கோடீன் கலந்த மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டு போனால் ஏர்போர்ட்டிலேயே வம்பு.

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். கணுக்கால் சுளுக்கு சில வாரத்தில் ஆறிவிடும். வருஷக்கணக்கில் ரூமில் முடங்கிக் கிடந்தால் வருகிற நோய் அப்படி ஆறாது. அதனால் தைரியமாகப் போய்க் கேளுங்கள். பார்ப்பது, கேட்பது, பாதி ஆடுவது. முதல் நாளுக்கு இந்த மூன்றும் போதும்.

கடைசியாக, ஊரில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த ஞாயிறு உங்கள் திடல் ஓரத்தில், கம்பெனி டீ-ஷர்ட் போட்ட ஒரு கொரியாக்காரரோ, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு பீகார் பையனோ தயங்கித் தயங்கி நிற்கலாம். அவருக்கு இது வெளியூர். நீங்களே கூப்பிடுங்கள்:

''வாங்க, அந்தக் கோடியில நில்லுங்க. பந்து வந்தா எடுத்துப் போடுங்க!''