அடுத்த விளக்குக் கம்பம் வரை

“42 கிலோமீட்டரா? பேருந்தில் போனாலே அலுப்பாக இருக்குமே!”

டிசம்பர் மாத நெட்டோட்டத்தில் ஓடப்போவதாகச் சொன்னதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இது. அடுத்த கேள்வி, “எதற்காக?”

என் அத்தைக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அவருக்கு ரத்தச் சுத்திகரிப்பு நடக்கும். தீபாவளியன்று முறை வந்தாலும் போகத்தான் வேண்டும். அவரைப் போன்ற நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறநிறுவனத்திற்கு நிதி திரட்டவே ஓடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவனான நான் அதுவரை ஓடிய ஆக அதிகத் தொலைவு, பள்ளி உடல்திறன் சோதனையின் 2.4 கிலோமீட்டர்தான்!

மெதுவாக ஓடினால் போதும்

பயிற்சிக்கு 20 வாரம் ஒதுக்கினேன். வாரத்தில் மூன்று நாள் குறுகிய ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஆறு கிலோமீட்டரில் தொடங்கி வாரந்தோறும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டினேன். நான்கு வாரத்திற்கு ஒருமுறை தொலைவைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுத்தேன். கடைசி இரண்டு மூன்று வாரங்களும் அப்படித்தான்.

பக்கத்தில் ஓடுபவருடன் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடல் சூடும் தணியாது. அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் இருப்பேன்.

அத்தை சொன்ன வழி

ஓர் உண்மையைச் சொல்கிறேன். அத்தைக்காக ஓடுகிறேன் என்ற எண்ணம் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பும். ஆனால், 22ஆவது கிலோமீட்டரில் கால்களை நகர்த்தாது. அப்போது மனத்தில் இருப்பது குதிகால் வலி மட்டுமே.

ஒரு நாள் அத்தையிடமே கேட்டேன், நான்கு மணி நேரத்தை எப்படிக் கடத்துகிறீர்கள் என்று.

“நாலு மணி நேரம்னு நெனச்சா முடியாது தம்பி. மொதல்ல கொஞ்சம் தூங்குவேன். அப்புறம் போன்ல ஒரு நாடகம். அப்புறம் பக்கத்துப் படுக்கை அம்மாவோட பேச்சு. அதுக்குள்ள முடிஞ்சிடும்.”

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸும் இதைத்தான் செய்தார். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்தப் பல்கலைக்கழக மாணவர், 1980ல் செயற்கைக் காலுடன் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டினார். நோய் மீண்டும் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. நாடு முழுவதையும் நினைக்காமல், அடுத்த மைல், அடுத்த வளைவு என்றே அவர் ஓடினார்.

இப்போது நானும் ஓட்டத்தைத் துண்டு போடுகிறேன். பிடோக் படகுத்துறை வரை நண்பனுடன் அரட்டை. பிறகு பாட்டு. சாங்கிப் பக்கம் போனால் தரையிறங்கும் விமானங்களை எண்ணுவேன். திரும்பும் வழியில் எதுவும் உதவாதபோது, அடுத்த விளக்குக் கம்பம் வரை மட்டும்.

மன உறுதியால் மட்டும் ஓட முடியாது. உடலில் சேமித்த மாவுச்சத்து 30 கிலோமீட்டர் வாக்கில் தீரத் தொடங்கும். அதனால், களைக்கும் முன்பே வாழைப்பழமும் உப்பும் சர்க்கரையும் கலந்த பானமும் எடுத்துக்கொள்கிறேன். கூரிய வலி வந்தால் அன்றைக்கு ஓட்டம் அதோடு சரி.

விற்பனைக்கு 42 கிலோமீட்டர்

நிதி திரட்டவும் அதே வழிதான். ஒரு கிலோமீட்டர் 50 வெள்ளி என்று 42 கிலோமீட்டரையும் ‘விற்றேன்’. என் வகுப்பில் ஐந்து பேர் தலைக்குப் பத்து வெள்ளி போட்டு 35ஆவது கிலோமீட்டரை வாங்கினார்கள். பெயர்களை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கட்டிக்கொள்வேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒருவர் துணை.

உங்களுக்கும் ஆசை இருந்தால் ஐந்து கிலோமீட்டரில் தொடங்குங்கள். முழு நெட்டோட்டத்திற்குப் பெரும்பாலும் 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை அடித்தளம் போடலாம். ஒரு நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் காத்திருக்கிறார் என்றால் அலாரத்தை அணைக்க மனம் வராது.

நெட்டோட்டத்தின் முழுத் தொலைவு 42.195 கிலோமீட்டர். கடைசி 195 மீட்டரை நான் யாருக்கும் விற்கவில்லை. அது அத்தைக்கு.