பாட்டிக்குப் பேத்தி, விளையாட்டுக்குப் புரோட்டான்

தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ், பள்ளி விடுமுறையில் மாமா கடையில் நின்று சம்பாதித்தது, குறைந்த தொகைக்கு அம்மா போட்டது என்று சேர்த்த பணத்தில் ஒரு கையடக்க விளையாட்டுக் கணினி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் பேருந்தில் வழிநெடுக விளையாடலாம் என்று கனவு. பெட்டியைப் பிரித்து, நண்பர்கள் எல்லாரும் ஆடும் விளையாட்டைத் தட்டுகிறீர்கள். திரை ஒரு நொடி கறுப்பாகிறது. பிறகு பழையபடி முகப்புத் திரைக்கே வந்து நிற்கிறது. எத்தனை முறை தட்டினாலும் அதே கதைதான்.

கருவி பழுதா என்றால், இல்லை. அதைவிடக் கனமான வேறொரு விளையாட்டு அதே கருவியில் தங்குதடையின்றி ஓடுகிறது. அப்படியானால் சிக்கல் எங்கே?

இந்த வகைக் கருவிகளில் பெயர் பெற்றது ஸ்டீம் டெக். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. உள்ளே இருப்பது சாதாரணக் கணினியின் உறுப்புகள்தாம்: ஏஎம்டி சில்லு, 16 ஜிகாபைட் நினைவகம். வேறுபாடு இயங்குதளத்தில் இருக்கிறது. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும். இதில் லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ் இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோசுக்காகவே எழுதப்பட்டவை.

ஒரு விளையாட்டு எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கூட்டல், கழித்தல் போன்ற கணக்குகளைச் சில்லிடம் நேரடியாகக் கொடுத்துவிடும். சில்லு ஒரே வகை என்பதால் விண்டோசிலும் லினக்சிலும் அந்தக் கட்டளைகள் ஒன்றே. ஆனால் ஒரு கோப்பைத் திறக்க, ஒலி எழுப்ப, திரையில் ஒரு மரத்தை வரைய, இயங்குதளத்திடம் கோரிக்கை வைக்க வேண்டும். அந்தக் கோரிக்கையை அது விண்டோசின் மொழியில் வைக்கிறது. லினக்சுக்கு அந்த மொழி தெரியாது.

தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி ஒருவர் அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறார். முகப்பிடத்தில் இருக்கும் அதிகாரி மலாயில் பேசுகிறார். நடுவில் பேத்தி நிற்கிறாள். பாட்டி சொல்வதை மலாயிலும் அதிகாரி சொல்வதைத் தமிழிலும் மாற்றிச் சொல்கிறாள். பாட்டி மலாய் கற்கவில்லை, அதிகாரி தமிழ் கற்கவில்லை, ஆனாலும் காரியம் முடிகிறது. நம்மில் பலர் இந்தப் பேத்தியாகவோ பேரனாகவோ இருந்திருப்போம்.

லினக்சில் அந்தப் பேத்தியின் பெயர் வைன். 1993இல் தொடங்கிய திறமூலத் திட்டம் இது. விண்டோஸ் கணினியைப் போலவே ஒரு பொய்க் கணினியை உள்ளே உருவாக்கி ஓட்டுவது அதன் வழியல்ல. கோரிக்கைகளை மட்டும் மொழிபெயர்க்கும். அதனால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை.

வால்வ் நிறுவனம் இந்த வழிக்கு வந்தது ஒரு தோல்விக்குப் பிறகு. 2015இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் லினக்ஸ் விளையாட்டுக் கணினிகள் சந்தைக்கு வந்தன. லினக்சுக்கென்று எழுதிய விளையாட்டுகள் குறைவாக இருந்ததால் வாங்குவோர் இல்லை. விளையாட்டு நிறுவனங்களைக் காத்திருப்பதில் பயனில்லை என்று புரிந்தது. 2018 ஆகஸ்டில், வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்ற மென்பொருள் வெளியானது. அதில் முக்கியமான ஒரு பகுதி டிஎக்ஸ்விகே. விண்டோசின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை லினக்சுக்குத் தெரிந்த வல்கன் கட்டளைகளாக மாற்றுவது அதன் வேலை. இதை எழுதத் தொடங்கிய ஃபிலிப் ரெபோலே என்ற நிரலாளருக்கு இருந்த ஆசை, நியர் ஆட்டோமேட்டா என்ற விளையாட்டை லினக்சில் ஆட வேண்டும் என்பதுதான்!

மொழிபெயர்ப்பு என்றால் இடறலும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடறல் எழுத்தைப் பற்றியது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆங்கிலத்தில் உண்டு. ஒரு கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் விண்டோசுக்கு ஒன்றுதான். லினக்சுக்கோ அவை வழக்கமாக இரண்டு வெவ்வேறு கோப்புகள். நிரலாளர் ஓரிடத்தில் பெரிய எழுத்தும் இன்னோரிடத்தில் சிறிய எழுத்தும் போட்டிருந்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்பை “இல்லை” என்று லினக்ஸ் சொல்லிவிடும். இத்தகைய பெயர்களை ஒன்றாகக் கருதும் வசதி 2019இல் லினக்சின் 5.2 பதிப்பில், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமைக்குச் சேர்க்கப்பட்டது.

இன்னோர் இடறல் காணொளி. கதையின் நடுவே ஒரு காட்சி வர வேண்டிய இடத்தில், பழைய தொலைக்காட்சியில் ஒளிபரப்பு முடிந்ததும் வருமே, அந்த வண்ணப் பட்டைகள் மட்டும் தெரியும். இதற்குக் காரணம் சட்டம். சில காணொளி வடிவங்கள் காப்புரிமைக்கு உட்பட்டவை. அவற்றை இயக்கும் மென்பொருளை இலவசமாகச் சேர்த்துக் கொடுக்க முடியாது. அதனால் வால்வ் அந்தக் காட்சிகளை வேறு வடிவத்துக்கு மாற்றித் தனியாக அனுப்புகிறது.

சில வேளை மொழிபெயர்ப்பு மூலத்தையே மிஞ்சிவிடும். 2022 பிப்ரவரி 25இல் வெளியான எல்டன் ரிங், விண்டோசில் அடிக்கடி திக்கித் திக்கி ஓடியது. வால்வின் நிரலாளர்கள் புரோட்டானில் ஒரு திருத்தம் செய்தார்கள். சில நாட்களில் அது ஸ்டீம் டெக்கில் சீராக ஓடியது. சொந்த ஊரைவிட வெளியூரில் நன்றாக வாழ்ந்த விளையாட்டு என்று சொல்லலாம்.

மொழிபெயர்ப்பாளரே வேண்டாம் என்று முடிவெடுப்போரும் உண்டு. கோலாலம்பூரிலும் கிளை வைத்திருக்கும் பெல்ஜிய நிறுவனம் லாரியன், 2023இல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டுக்கு, 2025 செப்டம்பரில் ஸ்டீம் டெக்கிலேயே நேரடியாக ஓடும் பதிப்பைக் கொடுத்தது. சில்லின் மீதும் நினைவகத்தின் மீதும் சுமை குறைந்தது. இதைத் தொடங்கியவர் ஒரே ஒரு பொறியியலாளர். வேலை நேரம் முடிந்த பிறகு, ஆர்வத்தால் செய்தார்.

இவை எல்லாம் உழைத்தால் தீரும் சிக்கல்கள். நம் முதல் பத்தியில் வந்த சிக்கல் வேறு வகை. பேத்தி நன்றாகவே பேசுகிறாள், ஆனால் அலுவலக வாசலில் நிற்கும் காவலர், “துணையோடு வருபவர்களுக்கு அனுமதி இல்லை” என்கிறார்.

அந்தக் காவலர்தான் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். பலர் சேர்ந்து ஆடும் போட்டிகளில், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் குறுக்கு வழி மென்பொருளைச் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பிடிக்க, சில நிறுவனங்கள் இயங்குதளத்தின் ஆழமான பகுதியான கெர்னலிலேயே தங்கள் காவலரை உட்கார வைக்கின்றன. வேலரன்ட் விளையாட்டின் வேன்கார்ட் அப்படிப்பட்டது. விண்டோஸ் தொடங்கும்போதே தானும் விழித்துக்கொள்ளும். லினக்சின் கெர்னலை அது அறியாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகள் வைன் வழியாக லினக்சில் ஓடியது. 2024இல் வேன்கார்ட் அதற்கும் வந்தது. அன்றோடு லினக்ஸ் ஆட்டக்காரர்கள் வெளியே.

ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரு காவலர்கள் புரோட்டானோடு வேலை செய்ய 2021இலேயே வழி பிறந்தது. ஆனால் அந்த வழியைத் திறக்க ஒவ்வொரு விளையாட்டு நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முதலில் சம்மதித்தது. பிறகு, ஏமாற்றுவோர் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி, 2024 அக்டோபர் 31இல் கதவை அடைத்தது. காசு கொடுத்துக் கருவி வாங்கி, இரண்டு ஆண்டுகள் ஆடிவந்தவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள்.

நிறுவனங்களின் கவலை பொய்யல்ல. லினக்சின் கெர்னலை யாரும் திருத்தி அமைக்கலாம்; அந்தச் சுதந்திரம் ஏமாற்றுபவருக்கும் உண்டு. ஆனால் விண்டோசில் மட்டும் ஏமாற்று ஒழிந்துவிட்டதா? இல்லையே. என் பார்வையில், ஒரு விளையாட்டுக்காகக் கணினியின் ஆழம் வரைக்கும் சாவியைக் கொடுப்பது பெரிய விலை. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம்.

ஆகவே வாங்குவதற்கு முன், நீங்களும் நண்பர்களும் அடிக்கடி ஆடும் ஐந்து விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஸ்டீம் டெக்கில் சரிபார்க்கப்பட்டதா, சிறு குறைகளோடு ஆடக்கூடியதா, ஆதரவு இல்லாததா, இன்னும் சோதிக்கப்படாததா என்று வால்வ் நான்கு வகையாகப் பிரித்து ஸ்டீம் கடையில் காட்டுகிறது. அதோடு நிற்காமல், ஆட்டக்காரர்களே அனுபவத்தைப் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் கடந்த சில வாரங்களின் பதிவுகளைப் பாருங்கள். பழைய பதிவை நம்பினால் ஏபெக்ஸ் கதைதான். விளையாட்டை வாங்கிய பிறகு ஓடவில்லை என்று தெரிந்தால், வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருக்கும்போதே ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஓடாத விளையாட்டை ஓட வைக்க மல்லுக்கட்டும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும்.